எண் மட்டும் போகும் வழி

எங்கள் நிறுவனத்தின் மூன்று நூற்பாலைகளின் வருகைப் பதிவுகளை அலசும் மென்பொருளை நிறுவ மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், நாற்பதுக்குள் நரைத்த தலை. எந்தக் கணினியைத் தொடும் முன்பும் தாளில் பென்சிலால் பெட்டிகள் வரைந்து, அம்புக்குறி போட்டு இணைப்பார்.

"ஆண்டிபட்டி, தேனி, கம்பம் மூணு மில்லு பதிவும் இந்த சர்வர்ல சேரும். அடுத்த பெட்டி அத அலசும். கடைசிப் பெட்டி மேனேஜர் மேசைம்மா."

பதிவுகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. ஒவ்வொரு விடுப்புக்கும் எதிரே காரணத்தையும் எழுதுவேன். அதிக விடுப்பு எடுத்தவர்களை நீக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. என் மகளுக்கு மூச்சிரைப்பு. நானும் நிறைய விடுப்பு எடுத்திருந்தேன்.

"சார், நான் எழுதுன காரணத்த மேனேஜர் பாப்பாகளா?"

இரண்டாவது அம்புக்குறியில் பென்சிலை வைத்தார். "எழுத்து இங்கனயே நின்னுரும்மா. எண்ணு மட்டுந்தான் அங்கன போகும்."

"மாத்த முடியாதா?"

"முடியும். யாரும் கேக்கல."

"நான் கேக்குறேனே சார்."

"கேக்க வேண்டியவுக கேக்கணும்மா" என்று குனிந்துகொண்டார்.

கிளம்பும் நாளில் என் மேசைக்கு வந்து தணிந்த குரலில் சொன்னார்: "லீவு பட்டியல்ல உங்க பேரு மொத வரியில வருது. வேற எடம் பாத்து வைங்க."

பழக்கத்தில், "ரொம்ப நன்றி சார்" என்றேன். கன்னத்தில் அறை வாங்கியவர்போல் நின்றார்.

அடுத்த வாரம் என் வேலை போயிற்று. மேனேஜரிடம் நானே போய்ச் சொல்லியிருக்கலாமோ என்று பல நாள் யோசித்தேன். அந்த மதுரைக்காரரும் அப்படி யோசித்திருப்பாரா என்பதுதான் தெரியவில்லை.