கவுன்சிலர் கடை வாசல்

சுட்டுவிரலை உயர்த்துகிறார். கடைக்குள் பேச்சு நின்றுவிடுகிறது. லண்டன் ஹீத்ரோவில் இறங்கும் விமானம் கூரையை உரசுவதுபோல் போகிறது. விரல் இறங்கியதும், விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறார் செபமாலைமுத்து: "...லைற் போட்டாச்சு, இனி பஸ்தான்."

மன்னாரில் பிறந்து, பார்சலோனாவில் பதினொரு வருடம் சமையற்கட்டில் நின்றவர். ஸ்பெயின் பாஸ்போட்டோடு இங்கே வந்து பலசரக்குக் கடை போட்டார். ஐரோப்பிய ஒன்றியக்காரரும் உள்ளூராட்சித் தேர்தலில் நிற்கலாம் என்பதால், அதே பாஸ்போட்டோடு 2006இல் நின்று கவுன்சிலரும் ஆனார். தெருவில் அவருக்குப் பெயர் 'ஸ்பெயின் முத்து'.

ஹவுன்ஸ்லோவின் இந்த ஓரத்துக்கு அப்பால் கம்பிவேலியும் ஓடுபாதையும்தான். தெருவிளக்கு, தபாற்பெட்டி, எலி பிடிக்க ஆள் எல்லாம் அவர் கேட்டுக் கேட்டு வந்தவை. முன்பு இங்கே எங்கள் ஆட்கள் வாக்களிப்பதில்லை. பிரிட்டிஷ் பாஸ்போட் இல்லாமல் பெயர் கொடுத்தால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். எனக்கும் இருந்தது, விசாக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். "ஸ்பெயின்காரன் நானே வோட்டுப் போடுறன், கொமன்வெல்த் நாட்டு ஆள், சிலோன்காரன் உமக்கு ஏலாதோ? வடிவா ஏலும்!" என்று, மீன் வெட்டிய கையைத் துடைத்துவிட்டுப் படிவத்தை நீட்டினார். வாக்காளர் பட்டியலுக்கு என் பெயர் ஒரு மீன் செதிலோடுதான் போனது.

கவுன்சில் கூட்டத்துக்குப் போடும் கோட்டு, கறிவேப்பிலைக் கட்டுக்கு மேலே ஆணியில் தொங்கும். "நான் உள்ள போனாலே வெள்ளைக்காரருக்குப் பசிக்குது" என்பார்.

விடியற்காலை ஷிப்டுக்குப் போகும் பெண்கள் பஸ் பிடிக்கப் பெரிய றோட்டுவரை இருபது நிமிடம் நடக்க வேண்டும். விமானங்களைத் துப்புரவாக்கும் இம்மாகுலேற், இந்த மாசியில் கொட்டிய பனியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து முத்தர் பஸ் கேட்டுக் கடிதம்மேல் கடிதம் போட்டார். போன கிழமை பதில் வந்தது. பஸ் வரும், தரிப்பிடம் அவருடைய கடை வாசல். பிறகு அங்கே வான் நிறுத்தி மரக்கறி இறக்க முடியாது, வாங்க வருபவர்களின் காரும் நிற்காது. ஆட்சேபத்தை வெள்ளிக்குள் எழுதிக் கொடுக்கலாம். வாசற்காரர் மறுத்தால் வேறு இடமில்லை, பஸ்ஸும் இல்லை.

வெள்ளி மத்தியானம், மனைவி றோஸ்மலர் ஆட்சேபப் படிவத்தை நிரப்பி கவுண்டரில் வைத்தார்.

"இஞ்சருங்கோ, கையெழுத்தை வையுங்கோ. ஊருக்கு பஸ் விட்டுப்போட்டு, நாங்கள் கடையைப் பூட்டி அதில ஏறி எங்க போறது?"

"வான் பின்பக்கத்தால வரும்தானே."

"பின்னுக்குப் படியெல்லே! அரிசி மூட்டையை ஆர் தூக்கிறது, கவுன்சிலர் ஐயாவோ?"

பருப்பு வாங்க வந்திருந்த இம்மாகுலேற், பையை நல்ல கைக்கு மாற்றினார். "எனக்காக வேண்டாம் அண்ணை. நான் நடப்பன்."

முத்தர் பேனாவை எடுத்தார். படிவத்தைப் பார்த்தார். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். "இப்ப எங்க வெளிக்கிட்டாச்சு?" என்று றோஸ்மலர் பின்னால் போனார்.

முத்தரின் விரல் உயர்ந்தது. விமானம் போனது. விரல் இறங்கவில்லை. மற்றக் கையால், பஸ் தரிப்பிடம் வரவேண்டிய நடைபாதையில் பரப்பியிருந்த கத்தரிக்காய்ப் பெட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.