அக்காவுக்குச் சொல்லக்கூடாத சேதி

கணபதி என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு அக்கா படிக்க வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அவள் என் சித்தியின் மகள். கடற்கரையிலிருந்து எங்கள் ஊருக்கு இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி வேலைக்கு வந்த ஒருவரைச் சித்தி விரும்பிக் கட்டிக்கொண்டு நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் உறவில் அவளோடு பேச்சு வைத்திருந்தது அம்மா மட்டும்தான்.

அந்த ஊருக்குள் கடல் வருஷா வருஷம் ஏறி வந்தது. முன்வரிசை வீடுகள் போயின. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதையும் போனதும், பத்தாம் வகுப்பை இங்கே படிக்கட்டும் என்று அக்காவை அனுப்பிவைத்தார்கள்.

எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷமில்லை. ஜன்னலோரக் கட்டிலும், அம்மா சுடும் முதல் தோசையும் அவளுக்குப் போய்விட்டன.

பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தபோது அம்மாவுக்குக் கடிதம் வந்தது. அடுப்படியில் நின்று படித்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தியின் வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டதாம். எல்லோரும் கோயில் மண்டபத்தில் இருக்கிறார்களாம்.

"பரீச்சை முடியற வரைக்கும் அக்காகிட்ட மூச்சு உட்றாத கண்ணு. புள்ள எழுதாமப் போயிருவா."

ஒரு ரகசியம் கிடைத்த பெருமையில் இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது எங்களுக்குள் சண்டை வந்தது.

"உங்க ஊர்ல என்னடி இருக்கு, லேத்துப் பட்டறை சத்தந்தான். எங்க வாசல்ல நின்னா கடலே தெரியும்" என்றாள் அக்கா.

"உங்க ஊடே இல்லையாமா! கடல் அடிச்சுட்டுப் போயிருச்சாமா!"

அக்கா கையிலிருந்த பாவாடையை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டினாள்.

"எங்கம்மா?"

"கோயில் மண்டபத்துல."

"தம்பி?"

"அவனுந்தான்."

பிறகு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியும்னு பெரியம்மாகிட்ட சொல்லிடாதடி. பாவம், மறைக்க ரொம்பக் கஷ்டப்படுறாங்க."

மீதிப் பரீட்சைகளையும் எழுதினாள். "உங்கம்மா நல்லா இருக்காளாம் அம்மணி" என்று அம்மா சொல்லும்போதெல்லாம், "சரிங்க பெரியம்மா" என்று தலையாட்டினாள். அழுகிறாளா என்று ஒளிந்து நின்று பார்த்தேன். அழவில்லை. ஒருவேளை அது அவ்வளவு நல்ல வீடாக இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் சித்தி வந்தாள். கையில் ஒரே ஒரு துணிப்பை. அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நம்ம ஊடு போயிருச்சு சாமி" என்றாள்.

அக்கா போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சித்தியின் மடியில் விழுந்து, அப்போதுதான் முதல்முறை கேட்பவள்போலப் புரண்டு அழுதாள். அதுவரை கல்லாக இருந்த சித்தியும் அவளைக் கட்டிக்கொண்டு உடைந்தாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மாவின் சேலையை இழுத்துக் காதோடு சொன்னேன்: "அக்காளுக்கு அன்னைக்கே தெரியுமுங்கம்மா. நாந்தான் சொன்னேன். இப்ப சும்மா நடிக்கறா."

அடிவிழும் என்றுதான் எதிர்பார்த்தேன். அம்மா என்னையே பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். மெல்லத் தரையில் உட்கார்ந்து, அவளும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

நான் சொன்னதில் அழுவதற்கு என்ன இருந்தது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.