சிவப்புப் பையில் அதிமதுர மிட்டாய்

“எமோகே, இது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

ஸ்ட்ராவ்பிங் ஊர்ச் சந்தைத் திடலில், பேருந்துப் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பிரோஷ்கா அத்தை என்னிடம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்றரை மணி. ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிரோஷ்கா அத்தை யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சொந்த அத்தை இல்லை, கப்பலில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். முழுப்பெயர் பிரோஷ்கா வாடாஸ். வயது ஐம்பத்தைந்து. டான்யூப் ஆற்றங்கரையில் மொஹாச் என்ற ஊர்க்காரர். பதினோரு வருஷம் அங்கே ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தார். கடையை மூடியபோது அவருக்கு முப்பத்தாறு வயது. பயணிகள் கப்பலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்கு வந்தார். பத்தொன்பது வருஷத்தில் அதே கப்பலில் பயணிகள் பொறுப்பாளர் ஆகிவிட்டார். நூற்று முப்பது பேர் எங்கே இறங்கினார்கள், யார் ஏறவில்லை, யாருக்கு வயிறு சரியில்லை என்பதெல்லாம் அவர் தலையில்தான்.

“மூஞ்சியை அப்புறம்தான் பார்ப்பேன். முதல்ல குளியலறை அலமாரியில என்ன வெச்சிருக்காங்கன்னு பார்ப்பேன், அதுக்கப்புறம் காலைப் பார்ப்பேன். அதுலயே ஆளோட கதை தெரிஞ்சுடும்” என்பார். பழைய இரண்டு வேலைகளும் அவருக்குள் அப்படியே இருந்தன.

ஒவ்வொரு பயணத்தின் முதல் மாலையும் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பேச்சு பேசுவார். அதை நாங்கள் வேலைக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்வோம்.

“இந்தக் கப்பல்ல டாக்டர் கிடையாது. ஆனா ரெண்டு பக்கமும் கரை இருக்கு, கரையில டாக்டர் இருக்காங்க. நான் டாக்டர் இல்ல, செருப்புக் கடைக்காரி. அதனால பயப்படாம கேளுங்க. சாப்பிட வர்றதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. கழுவாதவங்களுக்கு சூப் கிடையாது. வாந்தியோ வயித்துப்போக்கோ வந்தா மறைக்காதீங்க, அறையிலேயே இருந்து எங்களைக் கூப்பிடுங்க. மறைச்சா மூணு நாள்ல கப்பல் முழுக்கப் படுத்துடும். மேல்தளத்துல பாலம் வருதுன்னு சொன்னா உட்காருங்க. பாலம் உங்களுக்காகக் குனியாது. கல் பாவின தெருவுக்கு வழுக்காத அடிப்பாகம் உள்ள செருப்பு போடுங்க. கடைசியா இது.”

சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன ஜிப் பையைத் தூக்கிக் காட்டுவார். ஒவ்வொரு பயணிக்கும் அதுபோல் ஒன்று கொடுப்போம். அதில் பயணிகள் போட்டு வைக்கவேண்டியவை: தங்களுடைய மூன்று நாளுக்கான மருந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டின் நகல், ஒரு தாள். தாளில் மருந்தின் கடைப்பெயரை எழுதக்கூடாது. உள்ளே இருக்கும் மருந்துப்பொருளின் பெயர், அளவு, சாப்பிடும் நேரம், ஊர் மருத்துவரின் தொலைபேசி எண். கடைப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும், மருந்துப்பொருளின் பெயர் மாறாது என்பார். அந்தப் பை பெட்டிக்குள் போகக்கூடாது, உடம்போடு இருக்கவேண்டும்.

கரையில் பேருந்து ஏறும்போதெல்லாம் “சிவப்புப் பை?” என்று ஒரு குரல் கொடுப்பார். எல்லோரும் தூக்கிக் காட்டவேண்டும். வங்கி அதிகாரியும் நீதிபதியும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைத் தூக்குவார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தக் கோடையில் எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. கொமாரோம் ஊரில் பள்ளியை முடித்திருந்தேன். மேலே என்ன படிப்பது என்று தெரியவில்லை. எங்காவது போய்விடவேண்டும் என்று மட்டும் இருந்தது. கப்பலில் சேர்ந்தால் ஊர் ஊராகப் போகலாம் என்று நினைத்தேன். கப்பல்தான் போனது. நான் ஒரே நடைபாதையில் பதினேழு அறைகளின் படுக்கையை விரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வியன்னா போகும், மெல்க் போகும், என் கையில் தலையணை உறை இருக்கும்.

ஆகஸ்டில் ஆறு வற்றியது. பாசாவ் ஊருக்கு மேலே எங்கள் கப்பல் போக முடியாது என்று கேப்டன் சொல்லிவிட்டார். இப்படி ஆனால் என்ன செய்வார்கள் என்று ஆற்றில் எல்லோருக்கும் தெரியும். மேலே ரேகன்ஸ்பர்க்கில் இதே கம்பெனியின் இன்னொரு கப்பல் நிற்கும். இங்கே இருக்கும் பயணிகள் பேருந்தில் அங்கே போவார்கள், அங்கே இருப்பவர்கள் இங்கே வருவார்கள். பெட்டிகள் தனியாக வேனில் போகும். பயணிகள் காலை ஆறரைக்குள் பெட்டியைப் பூட்டி அறை வாசலில் வைத்துவிடவேண்டும். பிறகு அந்தப் பெட்டியைப் புதுக் கப்பலில்தான் பார்ப்பார்கள்.

அன்று காலை 214-ஆம் அறை வாசலில் பெட்டி இல்லை. கதவைத் தட்டினேன். கெரிட் தோல்ஸ்மா திறந்தார். நெதர்லாந்துக்காரர், எழுபத்தாறு வயது. ரயிலில் முப்பத்தெட்டு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அவருக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், நடை சின்னச் சின்னதாக இருக்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை போட்டால் நாள் ஓடும். ஏழு, பத்து, ஒன்று, நான்கு. மனைவி ஆஃப்கே அப்போது காலை உணவுக்குப் போயிருந்தார்.

ஒரு வாரத்து மாத்திரைகள் அடங்கிய டப்பா, சதுரங்கப் பலகை அளவுக்கு இருக்கும். அதை அவர் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பையில் மாத்திரைக்குப் பதிலாக, அவர் நாட்டில் விற்கும் உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய் டின் ஒன்றைப் போட்டு ஜிப்பை இழுத்தார். குலுக்கிப் பார்த்தார். மாத்திரை மாதிரியே சத்தம் வந்தது.

“பார்த்தியா?” என்றார்.

“பார்த்தேன்.”

“முப்பத்தெட்டு வருஷம் நான் அடுத்தவன் டிக்கெட்டைப் பார்த்தவன். இப்ப ஒரு செருப்புக் கடைக்காரி என் மாத்திரையைப் பரிசோதிக்கிறா. பழைய டிக்கெட்டைக் காட்டி ஏமாத்தறவன் எப்படிக் காட்டுவான் தெரியுமா? நான் கேக்கிறதுக்கு முன்னாடியே நீட்டுவான்.”

“மாத்திரை வேணுமே?”

“பத்து மணி மாத்திரை சட்டைப் பையில இருக்கு. பதினொண்ணுக்கு ரேகன்ஸ்பர்க், பன்னெண்டரைக்குப் புதுக் கப்பல்ல சாப்பாடுன்னு உங்க தாள்லயே போட்டிருக்கு. ஒரு மணிக்குப் பெட்டி என் கையில. உங்க பொறுப்பாளரம்மாகிட்ட சொல்லிடாத.”

டின்னைத் திறந்து ஒரு மிட்டாய் கொடுத்தார். கறுப்பாக, உப்பாக, கசப்பாக இருந்தது. நான் முகத்தைச் சுளித்தேன், அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அத்தையை யாராவது ஒருநாள் ஏமாற்றவேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. பெட்டியை நானே வாசலுக்கு உருட்டி வந்தேன்.

ஒன்பது மணிக்கு மூன்று பேருந்துகளில் கடைசியானது கிளம்பியது. கைத்தாங்கல் தேவைப்படுபவர்களுக்கு உதவ என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். “சிவப்புப் பை?” என்றார் அத்தை. முதலில் உயர்ந்த கை தோல்ஸ்மாவுடையது.

டெக்கன்டார்ஃப் அருகே நெடுஞ்சாலையில், காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் கேரவன் வண்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. இரண்டரை மணி நேரம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். என்னால் உட்கார முடியவில்லை. பத்து மணிக்கு அவர் மாத்திரை போட்டதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஓட்டுநருக்கு மேலே இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று. பன்னிரண்டு. பத்துத் தடவை எழுந்து போய் அத்தையிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இன்னும் நேரம் இருக்கிறது என்று பத்துத் தடவையும் உட்கார்ந்தேன்.

பயணிகள் கழிவறைக்குப் போகவேண்டும் என்று ஓட்டுநர் ஸ்ட்ராவ்பிங்குக்குள் திருப்பினார். அப்போது பன்னிரண்டு ஐம்பது. பெட்டி வேன் எங்களுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பியது, அதே நெரிசலில் வெகு பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது.

“கெரிட், ஒரு மணி ஆச்சு. போட்டீங்களா?” என்று ஆஃப்கே கேட்டார்.

“போட்டாச்சு, போட்டாச்சு.”

ஒன்று இருபதுக்கு எல்லோரும் திரும்பப் பேருந்தில் ஏறினார்கள். தோல்ஸ்மா மட்டும் படிக்கு முன்னால் நின்றார். கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல் இருந்தது. பின்னால் நின்ற ஒருவர் “என்னங்க, டிக்கெட் கேக்கணுமா?” என்று கிண்டல் செய்தார். தோல்ஸ்மா திரும்பவில்லை. அவரால் திரும்ப முடியவில்லை.

அத்தை கீழே இறங்கி வந்து அவர் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் சிவப்புப் பையை வாங்கித் திறந்தார். டின். டின்னுக்குள் கறுப்பு மிட்டாய்.

ஆஃப்கே வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஆச்சரியப்படவில்லை. அதுவே என்னைக் காட்டிக்கொடுத்தது. அப்போதுதான் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. தோல்ஸ்மாவின் பக்கம் திரும்பினார்.

“தோல்ஸ்மா சார், எச்சில் முழுங்குங்க. முடியுதா? மூச்சு சரியா இருக்கா? பேரைச் சொல்லுங்க.”

“கெரிட்” என்றார் மெல்லிய குரலில்.

“நல்லது. முழுங்க முடியலன்னாலோ மூச்சு முட்டினாலோ 112-ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுவோம். இப்போதைக்கு ஞாயித்துக்கிழமை முறை பார்க்கிற டாக்டர்கிட்ட போகலாம். நேரம் போகப் போக உடம்பு இறுகும், முழுங்குறதும் கஷ்டமாகும்.”

பேருந்திலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, “என் வீட்டுக்காரருக்கும் இதே நோய்தான். அவர் மாத்திரை ரெண்டு தரட்டுமா?” என்றார்.

“உங்க மனசு பெருசு, ஆனா மாத்திரையை நீங்களே வெச்சுக்கங்க. அளவு வேறயா இருக்கும். ஒருத்தர் கண்ணாடியை இன்னொருத்தர் போடறதில்லையே.”

அத்தை பைக்குள் மறுபடி கையை விட்டார். டின்னுக்கு அடியில் தாளும் சீட்டின் நகலும் மடித்தபடி இருந்தன. மாத்திரையை வெளியே எடுத்த மனிதர் காகிதத்தை எடுக்கவில்லை. டிக்கெட் பரிசோதகருக்குக் காகிதத்தைத் தூக்கிப் போட மனசு வராது போல. அச்சடித்த மாதிரி எழுத்தில் மருந்துப்பொருளின் பெயர், அளவு, நான்கு நேரங்கள்.

அத்தை தாளைப் பையோடு என் கையில் வைத்தார். “எனக்கு பஸ்ல நாப்பத்திரண்டு பேர் இருக்காங்க. இவரைப் பத்தி எங்களைவிட உனக்குத்தான் அதிகம் தெரிஞ்சிருக்கு. நீ போ.”

திடலில் ஒரே ஒரு டாக்ஸி நின்றது. அது வரைக்கும் அவரை நடத்த முடியவில்லை. ஆஃப்கே தன் கைத்தடியை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே படுக்க வைத்தார். “கெரிட், தண்டவாளம். தாண்டுங்க.” தாண்டுவதற்கு ஒரு கோடு தெரிந்ததும் கால் எழுந்தது. மறுபடி தடியை எடுத்து முன்னால் வைத்தார். ஏழு தடவை தாண்டி டாக்ஸிக்கு வந்தோம்.

விடுமுறை நாள் மருத்துவரிடம் பத்து நிமிடம்தான் காத்திருந்தோம். அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் தாளில் பதில் இருந்தது. “இதை யாரு எழுதச் சொன்னாங்க?” என்றார். “செருப்புக் கடைக்காரங்க ஒருத்தர்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவர்கள் இருவரையும் அங்கே உட்கார வைத்துவிட்டு ஓடினேன். முதல் மருந்துக்கடை பூட்டியிருந்தது. ஒரு நொடி எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு கதவைப் பார்த்தேன். இன்று எந்தக் கடை முறைக்குத் திறந்திருக்கிறது என்று முகவரியோடு ஒட்டியிருந்தார்கள். பூட்டிய கடையின் கதவையும் படிக்கவேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு தெரு, ஒரு பாலம், ஒரு சின்ன ஜன்னல். மருந்தை வாங்கிக்கொண்டு திரும்ப ஓடி வந்தேன்.

ஆஃப்கே மருந்துப் பெட்டியைப் பார்த்ததும் பின்வாங்கினார். “இது எங்க மாத்திரை இல்ல. பேரு வேற, நிறம் வேற.”

அவர் கணவர் எழுதிய வரியையும் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருந்த வரியையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். மருந்துப்பொருள் ஒன்று, அளவும் ஒன்று. மருத்துவரும் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். மணி இரண்டு நாற்பது. அவரை நிமிர்ந்து உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தோம். முழுங்கிவிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து அவர் விரல்கள் இளகின. முதலில் என்னிடம்தான் பேசினார்.

“டிக்கெட் இல்லாம வந்தவனை எல்லாம் நான் எவ்வளவு திட்டியிருக்கேன்.”

“அபராதம் போடுவீங்களா?”

“நிச்சயமா. டின்னைக் கொடு.” ஒரு மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தார். “இதுதான் உனக்கும் அபராதம்.” நான் அதை மென்றேன். அப்போதும் கசந்தது.

பேருந்து எங்களுக்காகக் காத்திருந்தது. ரேகன்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து. பெட்டிகள் ஆறரைக்கு வந்தன. புதுக் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் அத்தை வழக்கம்போல் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“தெரியும் அத்தை. காலையிலேயே தெரியும். நான்தான் பெட்டியை வெளியே எடுத்து வெச்சேன்.”

அவர் ஒரு பயணியைக் கை கழுவத் திருப்பி அனுப்பினார்.

“உனக்கு என்மேல கோவம். அது பரவாயில்ல” என்றார். “அதுக்கு ஒரு கிழவர் கால் நின்னு போச்சு. அது பரவாயில்லன்னு சொல்லமாட்டேன்.” பிறகு, “தூக்கிக் காட்டுன்னா டின்னையும் தூக்குவாங்க. பத்தொன்பது வருஷமா இது எனக்குத் தோணல. போய் தட்டு எடு” என்றார்.

அடுத்த பயணத்திலிருந்து பையைத் தூக்கச் சொல்வதை நிறுத்திவிட்டார். பேருந்துப் படியில் நின்று ஒவ்வொருவரிடமும் மெதுவாக இரண்டு கேள்வி கேட்பார். “அடுத்த மாத்திரை எத்தனை மணிக்கு? அது இப்ப எங்க இருக்கு?” நேரம் ஆகிறது என்று சிலர் முணுமுணுப்பார்கள். ஒரு வாரத்தில் மூன்று பேராவது நெற்றியில் அடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பி ஓடுவார்கள். அவர்கள் பின்னால் ஓடும் வேலை என்னுடையது.

நான் இன்னும் எங்கே போவது என்று முடிவு செய்யவில்லை. குளிர்காலத்துக்குக் கப்பலைக் கரையில் கட்டி நிறுத்திவிட்டார்கள். வீட்டில் உட்கார முடியாமல் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது பெட்டி கட்டிக்கொண்டிருந்தால், கப்பலோ ரயிலோ எதுவானாலும் சரி, அவர்களிடம் இந்த டின்னின் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் சிரித்து முடித்ததும் அந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். பதில் வந்த பிறகு, அடுத்தவரிடம் அவர்களையும் சொல்லச் சொல்லுங்கள்.