கும்பிட வராத கைகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பீளமேட்டில் எங்கள் வீட்டில் இது நடந்தது. என் மகளைப் பெண் பார்க்கத் தாராபுரத்திலிருந்து வந்திருந்தார்கள். நல்ல நேரம் ஒன்பது மணிக்குள் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். என் விரல்களுக்கு நல்ல நேரம் பதினோரு மணிக்கு மேல்தான் என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

எனக்குச் சரவணம்பட்டி பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஒரு வருடமாகக் காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் வீங்கி, மடங்கியபடியே நிற்கும். வெயில் ஏற ஏறத்தான் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். சட்டைப் பொத்தான் போடவே கால் மணி நேரமாகும். உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்று நானே முடிவு செய்து, அதைக் கூட்டுவதற்கென்று விற்கும் பொடிகளை வாங்கிக் காலை, மாலை குடித்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் போகவில்லை. அப்பனுக்கு ஏதோ வியாதி என்று வெளியே தெரிந்தால் மகளுக்கு வரும் சம்பந்தம் நின்றுபோகும் என்று பயம்.

வாசலில் மாப்பிள்ளையின் அப்பா கைகூப்பினார். நானும் கைகூப்பினேன். கூப்பியதாகத்தான் நினைத்தேன். விரல் நீளாததால், நெஞ்சுக்கு நேராக இரண்டு முஷ்டிகள் நின்றன. அவர் ஒரு அடி பின்னால் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்த அவருடைய தம்பி, "என்னங்கண்ணா, சண்டைக்கு நிக்கறாரு?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

உள்ளே போனதும் காபி வந்தது. டம்ளரைப் பிடிக்க முடியாது என்று தெரியும். "எனக்கு வேண்டாம், இன்னைக்கு விரதமுங்க" என்று சமாளித்தேன். என் மனைவி உள்ளேயிருந்து, "எப்ப இருந்துங்க விரதம்? இப்பத்தான மூணு இட்லி தின்னீங்க" என்றாள்.

கும்பிடவும் இல்லை, கூட உட்கார்ந்து காபி குடிக்கவும் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா முகம் சுண்டிப்போனது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பெண் இன்னும் கூடத்துக்கே வரவில்லை, அதற்குள் கிளம்பப் போகிறார்கள் என்று எனக்கு வியர்த்துவிட்டது.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, காலைல விரல் நீட்ட வரமாட்டீங்குதுங்களா?" என்று கேட்டார். பட்டறையில் வேலை ஜாஸ்தி என்றேன். அவர் தன் கையை நீட்டிக் காட்டினார். மோதிர விரல் லேசாகக் கோணியிருந்தது. "எனக்கு எட்டு வருசமா இருக்குதுங்க. முடக்குவாதம். இதுல என்னங்க ஒளிக்கறதுக்கு?"

மாப்பிள்ளையின் அப்பா துண்டைக் கீழே வைத்தார். "நா என்னமோ, பொண்ணு குடுக்க இஷ்டமில்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேனுங்க" என்றார்.

பெண் பார்த்து முடிந்ததும் என் மகளும் மாப்பிள்ளைப் பையனும் பேசிக்கொள்ள மொட்டை மாடிக்குப் போனார்கள். கீழே அந்த அம்மா எனக்குப் பாடம் நடத்தினார். நம் உடம்பைக் காவல் காக்கும் அணுக்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ளச் சின்னச் சின்னப் புரதங்கள் இருக்கின்றனவாம். சைட்டோகைன் என்று பேர். கிருமி வந்துவிட்டது, வாருங்கள் என்று கூப்பிடுவதும் அவைதான்; வேலை முடிந்தது, போதும் என்று அடக்குவதும் அவைதான். "நமக்குக் கூப்படற சத்தம் நிக்கறதே இல்லீங்க. வந்தவனுக கிருமியக் காணோம்னு நம்ம கை மூட்டப் போட்டு அடிக்கறானுக. அதுல டி.என்.எஃப்னு ஒருத்தன் இருக்கறான், அவன் கூப்பாடுதான் ஜாஸ்தி. எனக்குப் போடற ஊசி அவன் வாயத்தான் அடைக்குது" என்றார். ஏதோ ஒத்துவராத பங்காளியைச் சொல்வது போலச் சொன்னார்.

நான் பெருமையாக என் பொடி டப்பாவைக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்தாள். "அவனுக ஏற்கெனவே அடிச்சுட்டு இருக்கறானுக, நீங்க சத்துமாவு வேற ஊட்டறீங்களா?"

அடுத்த வாரமே அவர் சொன்ன மூட்டு டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனையில் அதே நோய்தான் என்று உறுதியானது. பொடியை நிறுத்தச் சொன்னார்கள். "ஊரே எதிர்ப்பு சக்தியக் கூட்டச் சொல்லுதுங்க, நீங்க என்னங்க அடக்கச் சொல்றீங்க?" என்று என் மனைவி டாக்டரிடம் நியாயம் கேட்டாள். அடியோடு அடக்கவில்லை, அளவுக்குக் கொண்டுவருகிறோம்; இந்த மருந்து எடுக்கும்போது காய்ச்சல் வந்தால் மட்டும் தாமதிக்காமல் வாருங்கள் என்றார் டாக்டர். முதலில் மாத்திரை கொடுத்தார்கள், அது போதாமல் பிறகு ஊசி போட்டார்கள். இன்னும் ஆறு மாதம் தள்ளியிருந்தால் மூட்டு தேய்ந்து விரல்கள் அப்படியே நின்றிருக்கும், பட்டறையை மூடியிருக்க வேண்டியதுதான் என்றும் டாக்டர் சொன்னார்.

சம்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது அமையவில்லை. அன்றைக்கே இருவரும் மாடியிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, ஒத்துவராது என்று ஒற்றுமையாகச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் மூட்டுவலிப் பேச்சில் இருந்ததால் அது காதில் விழவே கொஞ்ச நேரமானது.

அந்த அம்மாவை இப்போதும் அவ்வப்போது ஆஸ்பத்திரியில் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும்: பிள்ளைக்குப் பெண் பார்க்க வந்த இடத்தில், அத்தனை பேர் நடுவில், தன் நோயை முதலில் சொல்லி என் கூச்சத்தைப் போக்கினாரே, அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.