புளி போட்டுத் தேய்த்த நாணயம்

அது கள்ள நாணயம் என்று மகள் முதல் நாளே சொல்லியிருந்தாள். பக்கத்து நகரமான லவாலில் ஒரு சப்பாத்துக் கடையில் பகுதிநேரம் வேலை செய்து, முதல் சம்பளத்தில் வாங்கி வந்தாள். ரோமர் ஆண்ட ஏதோ ஒரு மாகாணத்தில், ஆயிரத்து எண்ணூறு வருடங்களுக்கு முன் யாரோ திருட்டுத்தனமாக அடித்தது. உள்ளே செம்பு, மேலே மெல்லிய வெள்ளித் தோல்.

"நல்ல காசு குடுத்துக் கள்ளக் காசு வாங்கின ஆள் நீ ஒருத்திதான்" என்றேன்.

"இஞ்ச பாருங்கோ அம்மா." விளிம்பில் உளி வெட்டு ஒன்று இருந்தது. "அந்தக் காலத்துக் கடைக்காரன் ஒருத்தன் நம்பாம வெட்டிப் பாத்திருக்கிறான்."

நான் சரியாகப் பார்க்கவில்லை. அதே மாதம் அவள் பார்மசிப் படிப்பை விட்டுவிட்டுப் பழங்கால வரலாறு படிக்கப்போவதாகச் சொன்னாள். கோபத்தில் சொன்னேன்: "நீயும் உந்தக் கள்ளக் காசுதான். வெளியில மட்டும் மினுக்கம்." அடுத்த வாரம் வில்லரேயில் சிநேகிதிகளோடு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் வீடு இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். ஐந்து மாதமாக என் தொலைபேசி அழைப்பை அவள் எடுக்கவில்லை.

போன வாரம் ஒரு செய்தி அனுப்பினாள். சனிக்கிழமை குளிர் கோட்டை எடுக்க வருகிறாளாம். அவளைச் சாப்பிட இருத்திவிட வேண்டும் என்பது மட்டுமே என் எண்ணம். மன்னிப்பு என்று வாயால் கேட்க எனக்கு வராது. அவளுடைய மேசை லாச்சியை இழுத்தபோது அந்த நாணயம் கறுத்துப்போய்க் கிடந்தது. வெள்ளிக்கிழமை சாமி விளக்குகளுக்குப் புளி கரைத்தபோது அதையும் கிண்ணத்தில் போட்டு, உப்பு வைத்து, தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். சிவப்பாக வந்தது. அழுக்குப் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். துடைத்துச் சாப்பாட்டு மேசையில் அவள் இருக்கும் இடத்தில் வைத்தேன்.

அவள் வந்தாள். கோட்டைக் கேட்கவில்லை. நாணயத்தைத்தான் பார்த்தாள்.

"என்னத்தால தேய்ச்சனீங்கள்?"

"புளியால. விளக்கோட சேர்த்து."

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வெள்ளி முழுக்கப் போயிட்டுது."

"ஊத்தையெண்டு நினைச்சன் பிள்ளை."

"கேட்டிருக்கலாமே?"

"ஃபோன் அடிச்சா நீ எடுப்பியோ?"

அவள் நாணயத்தின் வெட்டை விரலால் தடவியபடி மெதுவாகக் கேட்டாள்: "வேணுமெண்டே செய்தனீங்களோ அம்மா?"

"சத்தியமா இல்லை" என்றேன். என் குரல் எனக்கே பொய்போலக் கேட்டது. நான் முன்பு சொன்னது எங்கள் இருவருக்கும் ஞாபகம் இருந்தது.

"ஓம், சரி" என்றாள். கோட்டைப் போட்டுக்கொண்டாள். சோறு ஆக்கி வைத்திருக்கிறேன் என்றேன். பேந்து வாறன் என்றாள். படியிறங்கும் சத்தம் கீழ்க் கதவுவரை கேட்டது.

நாணயத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். வெட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் புளித்தண்ணீரை இன்னும் கொட்டவில்லை. அடியில் சாம்பல் நிறமாக ஏதோ படிந்திருக்கிறது. அதுதான் வெள்ளியா என்று கேட்க எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.