மஞ்சள் நீரில் கழுவிய மோட்டார்

இதை எழுத உட்கார்ந்து, எழுந்து போய், மறுபடி உட்கார்ந்து, எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. என் மைத்துனன் வேலை பார்த்த எஜமானரின் குடும்பம் இன்றும் எங்கள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. சுவாமி புறப்பாட்டில் முதல் மாலை இன்றும் அவர்களுக்குத்தான். மூன்றாம் கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் விபூதி குங்குமம் விற்கிறவன், பெரிய மனிதர்களைப் பற்றி எழுதுவதா என்று பயந்தேன். இப்போது பயம் போய்விட்டது. அருவருப்பு மட்டும் போகவில்லை.

என் மனைவியின் தம்பி அந்த எஜமானரிடம் மோட்டார் டிரைவராக இருந்தான். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை பிரித்துப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு வெள்ளிக்கிழமை காலை எஜமானரின் மகனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீடு அடையாற்றுக்கு அப்பால். தட்டுகளை அடுக்கி ஏற்றுவதிலேயே நேரமாகிவிட்டது. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் பெண் வீட்டு வாசலை மிதித்தாக வேண்டும் என்று எஜமானர் பின்னால் உட்கார்ந்து கைத்தடியால் இவன் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார். சாந்தோமைத் தாண்டி ஒரு திருப்பத்தில், எதிரே குதிரை பூட்டி வந்த ஜட்காவை மோட்டார் இடித்தது. ஜட்கா குடை சாய்ந்தது. ஓட்டிவந்த சாயபுவின் கால் மட்கார்டில் அடிபட்டு ஜட்காவின் அடியில் சிக்கிக்கொண்டது.

மைத்துனன் பிரேக்கை மிதித்தான். எஜமானர் தடியின் நுனியை அவன் தோள்பட்டையில் ஊன்றி, நிற்காதே, நேரம் தப்பிவிடும், போ என்றார். அவனும் போய்விட்டான். தெருவில் ஒரு மனிதன் முனகிக்கொண்டு கிடக்க, பெண் வீட்டில் வெற்றிலை பாக்குத் தட்டு நல்ல நேரத்தில் கை மாறியது.

சாயங்காலம் வண்டி வீடு திரும்பியதும் இன்னொரு கூத்து. மங்கல காரியத்துக்குப் போன வண்டியில் ரத்தம் பட்டுவிட்டது, தோஷம் கழிக்க வேண்டும் என்றார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரை அண்டாவில் வைத்து, சக்கரம், மட்கார்டு எல்லாவற்றையும் இவனைக் கொண்டே கழுவச் சொல்லிப் பொட்டு வைத்தார்கள். அங்கே ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. அடிபட்டவன் பிழைத்தானா என்று ஆள் அனுப்பிக் கேட்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை மோட்டார் நம்பரை விசாரித்துக்கொண்டு சப் இன்ஸ்பெக்டர் வந்தபோது மட்கார்டில் மஞ்சள் காய்ந்திருந்தது. தடயத்தைக் கழுவினவன் யார் என்று கேட்டார். மைத்துனனின் நகக்கண்ணெல்லாம் மஞ்சள். எஜமானர் வெளியே வந்து, தான் பின்னால் கண்ணயர்ந்துவிட்டதாகவும் நடந்தது எதுவும் தெரியாதென்றும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அஜாக்கிரதையாக ஓட்டினது, நிற்காமல் போனது, அடையாளத்தை அழித்தது என்று எல்லாம் இவன் தலையில் விழுந்தது. ஜெயில்தான் என்று ஸ்டேஷனில் சொல்லி அனுப்பினார்கள். அவன் மனைவிக்கு அப்போது நிறைமாதம்.

எஜமானரே ஒரு வக்கீலைக் காட்டினார். நான் மைத்துனனை அழைத்துக்கொண்டு போனேன். வக்கீல் பூஜையில் இருந்தார். மணியை ஆட்டிக்கொண்டே பேசினார்.

"குத்தத்தை ஒத்துக்கோ. எஜமானர் தூங்கிட்டிருந்தார்னு சொல்லு. கழுவினது உன் யோசனைன்னு சொல்லு. சில மாசம் உள்ளே இருந்துட்டு வந்தா வேலை அப்படியே இருக்கும்."

"அவர்தாங்க போகச் சொன்னாரு," என்றான் மைத்துனன்.

"அதை இங்கயே மறந்துடு."

சொல்லிவிட்டுக் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் நெற்றியில் இருந்தது நான் சலித்துக் கட்டிக் கொடுத்த விபூதி.

மயிலாப்பூரில் கல்லெறிந்தால் வக்கீல் வீட்டில்தான் விழும். அத்தனை வீட்டு வாசலிலும் நின்றேன். எஜமானர் பெயரைச் சொன்னதும் ஒருவர் உறவு என்றார், ஒருவர் கோயில் கமிட்டியில் சேர்ந்து உட்காருகிறவர் என்றார், ஒருவருக்கு உடனே தலைவலி வந்தது. ஒருவர் மட்டும் நாற்காலியைக் காட்டினார். அவர் சொன்ன வழி இது: ஜட்காக்காரன் கள் குடித்திருந்தான் என்று சாட்சி ஏற்பாடு செய்துகொண்டு வா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்கே குளத்தில் முழுக வேண்டும்போல இருந்தது.

என் மனைவிதான் சொன்னாள். "ஊர்ல இருக்கற வக்கீலையெல்லாம் பாத்தாச்சு. அடிபட்டவரை நீங்க போய்ப் பாத்தீங்களா?"

ஆஸ்பத்திரியில் சாயபு காலில் கட்டோடு படுத்திருந்தார். யாரென்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வக்கீல்கள் சொன்னதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன், கள் விஷயம் உட்பட. அதற்குத்தான் திரும்பிப் பார்த்தார்.

"கள்ளா? இன்னா நைனா, அஞ்சு வேளை தொழுவுற ஆளு நானு. என் குதிரகூட கள்ளுக்கட பக்கம் திரும்பாது." பிறகு அவரே சொன்னார். "உன் மச்சான் நிறுத்தத்தான் பாத்தான். மோட்டாரு மேல் மூடி மடிச்சு தொறந்து கெடந்திச்சு. பின்னால குந்திக்கினு இருந்த பெரிய மன்சன் தடியால குத்தினு போ போன்னாரு. கீழ கெடந்துகினே பாத்தேன். காலுதான் போயிகீது. கண்ணும் நாக்கும் நல்லாத்தான் கீது."

கோர்ட்டில் சொல்வீர்களா என்று கேட்டேன். கட்டிலோடு தூக்கிப் போனாலும் சொல்வேன் என்றார். ஆனால் உன் மச்சானும் விட்டுவிட்டுப் போனவன்தான், அதையும் சேர்த்துத்தான் சொல்வேன் என்றார்.

தியாகராய நகரில், சுண்ணாம்பு பூசாத புது வீட்டில், கட்சிக்காரர் அதிகம் வராத ஒரு வக்கீல் இருந்தார். எஜமானர் பெயரைச் சொன்னேன். அவர் எழுந்து போகவில்லை. சாயபு சொன்னதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வண்டிக்காரன் சொல்றதை அப்படியே சொல்லட்டும். உங்க மச்சினனும் நிக்காம போனதை ஒத்துண்டுடட்டும். பாதி நிஜத்தை மறைச்சுண்டு நின்னா மீதியையும் கோர்ட்டு நம்பாது," என்றார்.

எழும்பூர்க் கோர்ட்டுக்கு சாயபுவை அவருடைய ஜமாத்து ஆட்கள் இரண்டு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். எஜமானர் சந்தனப் பொட்டோடு கூண்டேறிச் சத்தியம் செய்து, தூங்கிக்கொண்டிருந்தேன் என்றார். சாயபு தாம் பார்த்ததைச் சொன்னார். தூங்குகிறவர் தடியால் எப்படிக் குத்தினார் என்று எங்கள் வக்கீல் எஜமானரைக் கேட்டார். மஞ்சள் நீர் யார் வீட்டு வழக்கம் என்றும் கேட்டார். மாஜிஸ்டிரேட்டே சிரித்துவிட்டார்.

மைத்துனனுக்கு ஜெயில் இல்லை. நிற்காமல் போனதற்கு அபராதம், லைசென்சையும் வாங்கிக்கொண்டார்கள். அது நியாயம்தான். எஜமானர் மேல் கடைசிவரை வழக்கே இல்லை. வந்த வழியே தம் மோட்டாரில், வேறொரு டிரைவரோடு போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கண்டம் தாண்டியதற்காகக் கோயிலில் பெரிய அபிஷேகம் செய்து, எங்கள் வீட்டுக்கும் ஒரு தூக்குச் சர்க்கரைப் பொங்கல் பிரசாதம் கொடுத்தனுப்பினார். கோயில் பிரசாதத்தை வேண்டாமென்று சொன்னவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. கீழே கொட்டுவதும் பாவம். ஆனாலும் அதை நாங்கள் தின்னவில்லை. குளத்துக்கு எடுத்துப் போய், சுவாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மீன்களுக்குக் கரைத்துவிட்டேன். அவை எதையும் யோசிக்காமல் தின்றன.

இந்தக் கதை இப்போது ஊரில் வேறு மாதிரி உலவுகிறது. எஜமானர் பெரிய மனதோடு டிரைவரைக் காப்பாற்றியதாகவும், ஜட்காக்காரர் குடித்திருந்ததாகவும் என் கடை வாசலிலேயே நின்று பேசுகிறார்கள். சாயபு காலமாகிவிட்டார், மறுத்துச் சொல்ல அவர் இல்லை. படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் இருந்தபடியே சொல்லுங்கள். என் மைத்துனன் நிற்காமல் போனதை மறைக்க வேண்டாம். அந்த மனிதர் வாயில் கள்ளை ஊற்றவும் வேண்டாம்.