எந்த ரோட்டை அளப்பது

என் மாமனாரின் வலது கை உயர்ந்து, ஒரு கணம் தயங்கி, பிறகு கடைவீதிப் பக்கம் நீண்டது. ரோட்டை அளக்க வந்து, எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஓவர்சியர் தலையை ஆட்டியபடி எழுந்தார். கடைக்கும் வீட்டுக்கும் இடையே தொங்கிய திரைச்சீலைக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். அந்தக் கை நீண்ட திசையைப் பற்றி இத்தனை காலம் கழித்து எழுத உட்காரும்போதும் முகம் கூசுகிறது. இன்று அந்தக் கடைவீதியில் பஸ்கள் எதிரெதிரே தாராளமாகப் போகின்றன. பழைய ஆட்கள் அதை என் மாமனார் கொண்டுவந்த ரோடு என்று பெருமையாகச் சொல்கிறார்கள். 

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு அருகே இருந்த அந்தச் சின்னக் கடைத்தெருவுக்கு நான் மருமகளாக வந்தேன். மாமனாருக்கு அங்கே பலசரக்குக் கடை. ஊரின் காரியங்களைப் பார்த்த சபையில் வியாபாரிகளுக்காகப் பேசும் உறுப்பினரும் அவர்தான். நல்ல மனிதர், இறந்துபோனவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சுற்றுத் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் ஒரு கஷ்டம் என்றால் அவரிடம்தான் வருவார்கள். அவர்களுக்குச் சபையில் ஆள் கிடையாது, ஓட்டும் கிடையாது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் நேரில் போய்ப் பேசவும் முடியாது.

தோட்டத்து ஜனங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த மேல் லயத்திலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கும் பாதை ஒன்று இருந்தது. தோட்டத்து எல்லைவரை அது துரையின் பொறுப்பு. எல்லையைத் தாண்டினால் சபையின் பொறுப்பு. சபையின் பங்கில்தான் ஓடைமீது ஒரு மதகு இடிந்து கிடந்தது. மழைக்காலத்தில் அந்த இடத்தில் கால் வைத்தால் முழங்கால்வரை சேறு. ஓர் ஆடி மாதத்தில், கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு கம்பளியில் தூளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். மதகடியில் முன்னால் வந்தவன் வழுக்கி விழுந்தான். தூளியோடு அவளும் கீழே விழுந்தாள். தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. எங்கள் கடை வாசலில் அவளை இறக்கி வைத்தபோது நான்தான் சுடுதண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் குடிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் அதைச் சபையில் எடுத்துச் சொன்னார். எங்கே பள்ளம், எந்த மதகு உடைந்திருக்கிறது, எவ்வளவு கல் தேவை என்று முதலில் ஒருவர் வந்து அளந்து எழுதினால்தான் ரோட்டைப் பழுதுபார்க்கப் பணம் கேட்கலாமாம். அந்த அளவை வேலைக்கே தனியாகப் பணம் ஒதுக்க வேண்டுமாம். பல மாதங்கள் விடாமல் பேசி அந்த ஒதுக்கீட்டை வாங்கினார். செத்துப்போன அந்தப் பிள்ளையைச் சொல்லித்தான் வாங்கினார். அன்று வீட்டுக்கு வந்தவர், “இனிமே அந்தச் சனங்க சேத்துல விழாதுங்க தாயி” என்று என்னிடம் சொன்னபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

ஆனால் கிடைத்த பணம் ஒரு ரோட்டை அளக்கத்தான் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தச் செய்தி பரவியதும் மற்ற வியாபாரிகள் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். அட்டன் டவுனிலிருந்து சரக்கோடு வரும் லாரி கடைவீதிச் சேற்றில் புதைந்து நிற்பதைச் சொன்னார்கள். மூட்டைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டியிருப்பதைச் சொன்னார்கள். “லயத்துப் பாதைக்கு அடுத்த வருசம் கேட்டா தராமலா போவாங்க?” என்றார் ஒருவர். மாமனார் முதலில் மறுத்தார். பிறகு பேசாமல் கேட்டார். பிறகு அவரே எங்கள் லாரிச் சரக்கைப் பற்றி என் கணவரிடம் பேசத் தொடங்கினார்.

ஓவர்சியர் சிங்களவர், தமிழும் பேசுவார். ரோட்டை ‘பார’ என்பார். “ஒரு பாரதான் அளக்கலாம் மொதலாளி. லயத்துப் பாரயா, கடப் பாரயா?” என்று அவர் கேட்டபோதுதான் அந்தக் கை உயர்ந்தது. அன்றைக்கே சங்கிலி பிடித்துக் கடைவீதியை அளந்தார்கள். எனக்கும் உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாசலில் சேறு இருக்காதே என்று நினைத்தேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மேல் லயத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். கையில் சாமந்தி மாலை. முன்னால் வந்தவள் பிள்ளையை இழந்த அந்தப் பெண். “நம்ம பாதைக்காக நீங்க பேசினீங்களாமே, அய்யா” என்று சொல்லி மாலையை நீட்ட, கூட வந்த பெரியவர் அதை வாங்கி மாமனாரின் கழுத்தில் போட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் கைதட்டினார்கள்.  மாமனார் மாலையோடு அப்படியே நின்றார். அவர்கள் போன பிறகும் அதைக் கழற்றத் தெரியாதவர் போல நின்றார். மத்தியானம் சாப்பிடவில்லை.

மறுநாள் மாலை என்னைக் கூப்பிட்டார். “நீயும் வா தாயி. தனியாப் போக எனக்கு மொகம் இல்ல.”

அந்தப் பாதையில்தான் ஏறினோம். மதகடியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். லயத்து வாசலில் ஜனங்கள் கூடியதும், உட்காரச் சொல்லியும் உட்காராமல் பேசினார். “உங்க பாதைய அளக்கல. கடவீதியத்தான் அளந்தாங்க. நாந்தான் அதக் காட்டினேன். உங்க மாலைக்கு நான் ஆளில்ல.”

 கோபப்பட்டு ஒருவர் கத்தியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பெண்தான் வாய் திறந்தாள்.

“தெரியும் அய்யா. சங்கிலி புடிச்சு அளந்தத மலையில நின்னு பாத்துக்கிட்டுத்தானே கொழுந்து பறிச்சோம்.”

“தெரிஞ்சா மாலை போட்டீங்க?”

“பின்ன என்னங்க செய்யிறது? எங்களுக்குன்னு அங்க பேச உங்கள விட்டா யாரு இருக்கா? உங்க மேல கோவிச்சுக்கிட்டா நாங்க யாருகிட்டப் போவோம்?”

அவள் குத்திக்காட்டவில்லை. அரிசி விலையைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். மாமனார் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பெரிய மனிதர் ஒருவர் அத்தனை பேர் முன்னால் அப்படி நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பார்க்கவும் முடியவில்லை, அவளைப் பார்க்கவும் முடியவில்லை. என் காலில் ஒட்டியிருந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அவர் சபையில் கேட்டார். ஒருமுறை பணம் இல்லை என்றார்கள். ஒருமுறை, போன தடவை அந்தப் பிள்ளையைச் சொல்லி வாங்கிய பணம் எங்கே போனது என்று கேட்டார்கள்.  கடைவீதிக்குக் கல் விழுந்தது, தாரும் விழுந்தது, லாரி வாசலுக்கே வந்தது, எங்கள் வியாபாரம் பெருகியது. கூலிக்கு ஆள் வைத்து மதகடியில் கல் போட்டுப் பார்த்தார். அடுத்த மழையில் அடித்துப் போனது. அந்தப் பாதை அளக்கப்படாமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

அவர் இறந்த அன்று நல்ல மழை. தோட்டத்து ஜனங்கள் வேலை முடிந்து திரளாக வந்தார்கள். நான் பின்கட்டுக்குப் போனபோது, பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரில் அந்தப் பெண் முழங்கால்வரை இருந்த சேற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். குளிரில் அவள் உதடுகள் நடுங்கின.

“அப்படியே வாம்மா, பரவாயில்ல” என்றேன்.

“வேணாங்க சின்னம்மா. நல்ல மனுசன் படுத்திருக்கிற வீடு. சேத்துக் காலோட எப்படி வர்றது?” என்றாள்.

கழுவி முடிக்கும்வரை நான் மழையில் அவளோடு நின்றேன்.